முக்கத்தில் ஊர் உட்கார்ந்த நாள்

நேற்று மத்தியானம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கரண்ட் போனது. போன வேகத்தில் கீழே ஜெனரேட்டர் உறுமி, மின்விசிறி மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஐந்து நொடி இருக்கும். திருச்சிக்கு வந்து இத்தனை வருஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே எட்டிப் பார்த்தது அந்த மாதிரி ஐந்து நொடிகளில்தான். ஜன்னல் வழியாக டீசல் புகை உள்ளே வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற வாசனை. எனக்கு அது ஊர் கூடுகிற வாசனை. கூடவே நெஞ்சை அடைக்கிற வாசனையும்தான். ஏன் என்று யாரிடமும் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். பேரூராட்சி என்று போர்டு இருக்கும். பஸ் நிற்கும் முக்கம் ஒன்று, அதிலிருந்து பிரியும் நாலைந்து தெரு, தெருவைத் தாண்டினால் எந்தப் பக்கமும் தென்னந்தோப்பு. அவ்வளவுதான். அங்கே எது நடப்பதாக இருந்தாலும் முதலில் வந்து நிற்பது மைக்செட் செல்லையா அண்ணனின் ஜெனரேட்டர். அம்மன் கோயில் திருவிழா, சுதந்திர தினக் கொடியேற்றம், காதுகுத்து, இலவசக் கண் சிகிச்சை முகாம் எல்லாவற்றுக்கும் அதுதான். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சி மேடையில் கூட்டம் முடிந்ததும் அதை இழுத்துக்கொண்டு எதிர்க்கட்சி மேடைக்குப் போவார். "ரெண்டு பேரும் திட்டிக்கிறாக. ரெண்டு பேருக்கும் கரண்டு நம்மளுது" என்று சிரிப்பார். ஒல்லியான மனிதர். எந்நேரமும் தோளில் ஒயர் சுருள் தொங்கும். மாப்பிள்ளை வீட்டு அழைப்புக்குப் போனால்கூட அந்தச் சுருளோடுதான் போவார்.

நான் அப்போது பேரூராட்சி அலுவலகத்தில் தற்காலிகக் கணினி ஆபரேட்டர். இருபத்து மூன்று வயது. அலுவலக அறிவிப்புகளைச் செல்லையா அண்ணன்தான் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தாளை என்னிடம் நீட்டினார். "இனிமே நீயே படி தாயி. என் கொரலக் கேட்டா கன்னுக்குட்டிகூடத் தண்ணி குடிக்க மாட்டேங்குது."

என் அரங்கேற்றத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தெருநாய் பற்றிய அறிவிப்பு. பதற்றத்தில் நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டேன். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து நேராக, "கழுத்தில் பட்டை இல்லாமல் தெருவில் திரிந்தால் பிடித்துச் செல்லப்படும்" என்று முடித்தேன். ஒரு வாரத்துக்கு டீக்கடையைத் தாண்ட முடியவில்லை. "தாயி, பட்டை ஒங்க ஆபீஸ்லயே குடுப்பீங்களா, நாங்க வாங்கிக்கணுமா?" என்று பெரிய மனிதர்கள் எல்லாம் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அப்புறம் பழகிவிட்டது. போலியோ சொட்டு மருந்து, வீட்டு வரி, குடிநீர் வராத நாள், சாவு. சாவு அறிவிப்புக்கு என் குரல் பொருத்தம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் எனக்கு ஒரு ரகசியமான பெருமை இருந்தது. ஆட்டோ ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் வாசல் கூட்டுகிற கை அப்படியே நிற்கும். குழந்தையின் வாயை ஒருத்தி பொத்துவாள். யார் என்று பெயர் வருகிற வரைக்கும் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு ஊர் முழுக்க நம் வாயைப் பார்த்து நிற்பது சின்ன விஷயம் இல்லை, என்ன சொல்கிறீர்கள்?

அந்த வருஷம் ஐப்பசி முடிகிற சமயத்தில் புயல் வந்தது. விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் தெரு எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தென்னைகள் வரிசையாகத் தலைமாற்றிப் படுத்துக் கிடந்தன. மின்கம்பங்கள் பாதியில் முறிந்து ஒயரில் தொங்கின. என் அப்பா தோப்பு வரப்பில் உட்கார்ந்தவர் பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. எழுப்பப் போன என்னிடம், "ஒரு மரம் நிக்கிதான்னு நீ பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நானும் பார்த்தேன். நிற்கவில்லை.

மூன்றாம் நாள்தான் ஆலங்குடி ரோட்டில் மரங்களை அறுத்து வழி விட்டார்கள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. ஊருக்கு இரண்டு மேல்நிலைத் தொட்டி. இரண்டுக்கும் போர் மோட்டார். செல்லையா அண்ணன் யாரும் கேட்காமலேயே ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு தொட்டியடிக்கு வந்துவிட்டார். அவருடைய கூரை போயிருந்தது. "அத அப்பறம் பாப்போம்" என்றார். டீசல் தீர்ந்தபோது டிராக்டர் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு கேன் கொண்டுவந்து ஊற்றினார்கள். காலையில் ஒரு தொட்டி, மாலையில் ஒரு தொட்டி. ஆட்டோவில் இருந்த பேட்டரி மைக்கில் நான் தெருப்பெயர் சொல்வேன். அந்தத் தெரு குடத்தோடு வரும். சண்டை வந்தது. குடத்தால் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒரு வாரம் ஊர் அந்தத் தண்ணீரில் உயிரோடு இருந்தது.

எட்டாம் நாள் காலை பேரூராட்சிச் செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டார். சேதம் பார்க்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறாராம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மேடை, மைக், நான்கு மின்விசிறி. "செல்லையாகிட்டச் சொல்லி ஜெனரேட்டர மைதானத்துக்குக் கொண்டாரச் சொல்லும்மா."

"சார், இன்னிக்கி கீழத்தெரு மொறை. ரெண்டு நாளா அவங்களுக்குத் தண்ணி இல்ல."

"அரை நாள்தாம்மா. நான் சொல்றத மட்டும் போயிச் சொல்லு."

போய்ச் சொன்னேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "நீயா சொல்றியா, சார் சொல்றாரா?" என்றார் செல்லையா அண்ணன். சார்தான் என்றேன். மோட்டாரை நிறுத்தினார். குடங்களோடு வரிசையில் நின்ற கீழத்தெருப் பெண்களில் பாக்கியம் அக்காவும் இருந்தாள். முப்பது வயது இருக்கும். ஆதார் பதிவுக்கு அவள் கைரேகை இயந்திரத்தில் பதியாமல் எத்தனையோ தரம் என் மேஜைக்கு முன்னால் நின்று, விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தவள். "மத்தியானம் விட்டுருவீங்கள்ல பாப்பா?" என்று கேட்டாள். விட்டுருவோம்க்கா என்றேன்.

அதிகாரி வரவில்லை. வேறு ஊரோடு திரும்பிவிட்டாராம். யாரும் இல்லாத மேடையில் நான்கு மின்விசிறியும் சாயங்காலம் வரை சுற்றின. நிறுத்தலாமா என்று கேட்க செயல் அலுவலரைத் தேடினால் அவரும் இல்லை. டீசல் தீர்ந்துதான் அவை நின்றன; கீழத்தெருவுக்கு மோட்டார் போட மிச்சம் இல்லை.

மறுநாள் காலை கீழத்தெருப் பெண்கள் தோப்புக்குள் இருந்த பழைய கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். புயலில் விழுந்த மரம் ஒன்று கிணற்றுப் படிக்கட்டைப் பெயர்த்திருந்தது. பாக்கியம் அக்கா நிரம்பின குடத்தோடு ஏறுகையில் கல் சரிந்தது. தலையில் அடிபட்டு உள்ளே விழுந்தவளை மேலே கொண்டுவரும்போது மூச்சு இல்லை.

சாவு அறிவிப்பு எழுதிக்கொண்டு அவள் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டை போட மறந்திருந்தார். நான் தாளை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். முக்கத்துக்கு வந்ததும் செல்லையா அண்ணன் மைக்கைத் தட்டிக் கொடுத்தார். எப்போதும் போலத்தான் ஆரம்பித்தேன். கீழத்தெருவைச் சேர்ந்த பாக்கியம் அவர்கள் இன்று காலை அகால மரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அதற்கு மேல் தாளில் இருந்ததை என்னால் படிக்க முடியவில்லை. கண்ணில் நீர் நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"தண்ணிக்குப் போயிச் செத்துப்போனாங்க. நேத்து நாங்கதான் மோட்டார நிறுத்துனோம். எல்லாரும் கொடத்த எடுத்துக்கிட்டு முக்கத்துக்கு வாங்க. இனிமே ரோட்டுல உக்காந்தாத்தான் கேப்பாக. வாங்க."

செல்லையா அண்ணன் கை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருந்தது. அணைக்கவில்லை.

வந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தை நான் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. மேலத்தெருவும் கீழத்தெருவும் வடம் பிடிப்பதில் சண்டை போட்டு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தவை. இரண்டு தெருப் பெண்களும் தொடை இடிக்க ஒரே ரோட்டில் உட்கார்ந்தார்கள். காலிக் குடங்களை முன்னால் வரிசையாக வைத்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. புதுக்கோட்டைக்குப் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மதியத்துக்கு மேல் மேலதிகாரிகள் வந்து இரண்டு நாளில் கரண்ட் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள்.

மறுநாள் போலீஸ் செல்லையா அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. ஆட்டோ, மைக், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வழக்குச் சொத்து என்று ஏற்றிப் போனார்கள். ஊருக்கு இருந்த ஒரே மோட்டார் சத்தமும் அன்றோடு நின்றது.

அன்று சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். காற்று இரைச்சலுக்குள் என் குரல் கீச்சென்று கேட்டது. "இந்தப் பொம்பளக் கொரலு யாரோடது?"

செயல் அலுவலர் மேஜையில் இருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். என் பெயர் வந்தால் மோட்டாரை நிறுத்தச் சொன்ன கதையும் வரும் என்பதும் தெரியும். நான் அப்போது அரசுத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருந்தேன். பெயரில் ஒரு வழக்கு இருந்தால் வேலை கிடையாது. தோப்பு போன பிறகு எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது அந்தத் தேர்வு ஒன்றுதான். என்னை நியாயப்படுத்த இதையெல்லாம் சொல்லவில்லை. மனசுக்குள் ஓடியதைச் சொல்கிறேன்.

"தெரியல சார்" என்றேன்.

அவர் தெருத்தெருவாகப் போய்க் கேட்டார். எத்தனை வீட்டில் கேட்டிருப்பாரோ! ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. "சத்தம் கேட்டுச்சு, யாருன்னு பாக்கலீங்க." "எனக்குக் காது மந்தம்ங்க." "ரேடியோன்னு நெனச்சேன்ங்க." நாய்ப் பட்டைக்கு என்னைக் கேலி செய்த டீக்கடைக்காரர், "ஆபீஸ் பாப்பாவா? அது அன்னிக்கிக் காச்சல்ல கெடந்துச்சே" என்று தானாகவே சொன்னாராம். பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரரும் தெரியாது என்றுதான் சொன்னார். ஒரு ஊரே எனக்காகப் பொய் சொன்னது. நான் அந்த ஊருக்காக ஓர் உண்மை சொல்லவில்லை.

செல்லையா அண்ணன் ஸ்டேஷனில் சொன்னது இவ்வளவுதானாம்: "செட்டு என்னுது. பேசுனது யாருன்னு நான் பாக்கல."

பதினைந்து நாள் சிறையில் இருந்தார். கரண்ட் வந்த அன்று அவர் ஊரில் இல்லை. பிறகு வழக்கு, வாய்தா, மறுபடி வாய்தா. ஜெனரேட்டர் ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்று துருவேறியது. எனக்கு வேலை கிடைத்தது. ஊரில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அவர் வீட்டுக்கு மட்டும் தங்கச்சியிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் போகக் கால் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவரைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் மஞ்சள் பை. தோளில் ஒயர் சுருள் இல்லாமல் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கியா தாயி?"

"இருக்கேன்ண்ணே. கேசு?"

"இன்னிக்கித்தான் தள்ளுபடி ஆச்சு. திருப்பூர்ல மகன்கிட்டப் போறேன். இங்கிட்டு இனிமே எனக்கு என்ன இருக்கு?"

ஊருக்கே படித்துக் காட்டிய வாய், ஒரு மனிதரின் முன்னால் ஒட்டிக்கொண்டது. "அண்ணே, நான் அன்னிக்கி..." என்றேன்.

"நீ பேசாததுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. சின்னப் பிள்ள, வாழ வேண்டியவ. நானே ஒன் பேரச் சொல்லியிருக்க மாட்டேன்." மஞ்சள் பையைக் கை மாற்றிக்கொண்டார். "ஆனா முப்பது வாய்தா தாயி. ஒரு தடவ வந்து, தூரமா நின்னாச்சும் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

அவருடைய பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஊரில் கேட்டு வாங்கின அவருடைய நம்பருக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

இப்போது எங்கள் ஊரில் சாவுச் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. போட்டோவின் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக விழுகின்றன. பெயர் வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க எந்தத் தெருவுக்கும் வேலை இல்லை. திருவிழாவுக்கு வெளியூர் மைக்செட் வருகிறது. பாட்டுப் போட்டுவிட்டுப் போகிறது.

போன வாரம் தங்கச்சி போன் செய்தாள். ஊரில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லையாம். வசதி உள்ளவர்கள் டேங்கர் லாரிக்குச் சொல்லிவிட்டார்களாம். கீழத்தெருவில் பெண்கள் குடத்தோடு அலைகிறார்களாம்.

"ஏன்டி, முக்கத்துல போயி எல்லாரும் உக்கார வேண்டியதுதானே?" என்றேன். இங்கே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு கேட்பது எனக்கே கூசியது.

"எங்கிட்டு உக்கார்றது?" என்றாள். "ரோட்ட அகலமாக்கி நடுவுல செவுரு வச்சுட்டாகள்ல. அங்கிட்டு ஆளு அங்கிட்டு நிக்கிது, இங்கிட்டு ஆளு இங்கிட்டு நிக்கிது. ஒருத்தர ஒருத்தர் பாக்கக்கூட முடியலக்கா."