கீபோர்டில் ஒட்டிய நான்கு தோல் துண்டுகள்

ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் ரொம்ப வருடம் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. மகள் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகிக் கனடா போன பிறகு அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில்தான் அவள் முகத்தைப் பார்ப்போம்.

நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கீபோர்டில் இருப்பதோ இங்கிலீஷ். நான்கு பட்டன் போதும் என்று மகள் ஏதோ செய்து வைத்திருந்தாள். திறக்க ஒன்று, அவளைக் கூப்பிட ஒன்று, சத்தம் கூட்ட ஒன்று, மூட ஒன்று. எந்த நான்கு என்பதுதான் எனக்கு நினைவில் நிற்காது. ஒவ்வொரு முறையும் அவரைக் கேட்க வேண்டும். அது எனக்குப் பிடிக்காது. யாரிடமும் எதையும் கேட்டு நிற்கிறவள் இல்லை நான்.

அவர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டினார். நான் அங்கேயே ஸ்கைவிங். வெட்டி வரும் துண்டின் ஓரத்தை, மடித்துத் தைக்கத் தோதாக, உள்பக்கத்தில் கத்தியால் சீவி மெல்லிசாக்கும் வேலை. ஒருநாள் அவர் சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு தோல் துண்டுகளை விரல் நகம் அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்து, அந்த நான்கு பட்டன்களின் மேலும் சொல்யூஷன் தடவி ஒட்டினார்.

"எழுத்து தெரியலன்னா இன்னா? தோலு தெரியுமில்ல உனக்கு."

தடவிப் பார்த்தேன். "இவ்ளோ தடியாவா ஒட்டுவாங்க? கட்டிங்காரங்க புத்தியே இதான்."

"எல்லாத்தையும் நானே மெல்லிசா பண்ணிட்டா ஸ்கைவிங்கம்மாவுக்கு வேலை வேணாமா? அப்புறமா நீயே சீவிக்க."

சீவவில்லை. அந்தத் தடிப்பு விரலுக்குப் பழகிவிட்டது. அவர் போய் மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகும் சிவப்பின் மேல் விரல் வைத்ததும், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார் என்று காது காத்துக்கொண்டே இருந்தது.

போன லீவில் மகள் வந்தபோது மடக்குகிற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"பழசு இனிமே தாங்காதும்மா. பேசிக்கினு இருக்கச்சயே நின்னுடுது. நாளைக்குப் பழைய சாமான்காரர் வர்றாரு, குடுத்துடலாம்."

"குடு. தோல மட்டும் நான் எடுத்துக்கறேன்."

என் பழைய கத்தியின் முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். உள்பக்கத்துப் பசையை விரலால் உருட்டி எடுத்தபோது நீல மை தெரிந்தது. சிவப்பில் 1. அடுத்ததில் 2. பிறகு 3, 4. வெட்டிய துண்டுகள் மாறிப் போகாமல் இருக்க உள்பக்கம் நம்பர் போடுவது கட்டிங் வழக்கம். கம்பெனிச் சரக்குக்குப் போடுவது போலவே எனக்கும் போட்டிருக்கிறார். தலையில் சின்னக் கொக்கி வைத்த 1, அவர் அப்படித்தான் போடுவார். கையெழுத்துப் போடுவதைத் தவிர வீட்டில் அவர் பேனாவைத் தொட்டதே இல்லை. அவர் எழுத்து என்று என்னிடம் இருந்தது அந்த நான்குதான்.

புதியதில் மகள் காட்டிய பட்டன்களின் மேல் வைத்துப் பார்த்தேன். தோலின் தடிப்பில் மூடி மூடவில்லை.

"அமுக்காதம்மா, ஸ்கிரீன் உடைஞ்சிடும்! நாளைக்கு வேலூர் போறேன் இல்ல, லாங் பஜார்ல கலர் ஸ்டிக்கர் வாங்கியாறேன்."

"ஸ்டிக்கரும் வேணாம், கிக்கரும் வேணாம். எங்கிட்ட கத்தி இருக்குது."

கத்தியைத் தீட்டினேன். கை பழக்கப்படி துண்டைக் குப்புறப் போட்டது. கத்தியை வைத்த பிறகுதான் உறைத்தது. சீவினால் போவது அந்த 1.

"இன்னாம்மா, கத்திய புடிச்சிக்கினு ஒக்காந்துட்ட?"

துண்டைத் திருப்பிப் போட்டு நிறம் இருக்கும் முகப்பக்கத்தைச் சீவினேன். எங்கள் வேலையில் அது செய்யவே கூடாதது. அப்படிச் சீவிய ஒரு பெண்ணை நானே திட்டி அழவிட்டிருக்கிறேன். சிவப்பு சுருள் சுருளாக மடியில் விழுந்தது. பிறகு கறுப்பு, பச்சை, மஞ்சள். கடைசியில் நான்கும் ஒரே மண்நிறத்தில், வெங்காயத் தோல் போல நின்றன.

"ஐயோ, கலரே போச்சே! எது எதுன்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"நம்பர் போட்டிருக்காரு உங்கப்பா."

காலமெல்லாம் ஷூவில் சைஸ் பார்த்த கண். நம்பர் எனக்குத் தெரியும். உள்பக்கம் மேலே தெரியும்படி வரிசையாக ஒட்டினேன். மகள் குனிந்து பார்த்தாள்.

"அப்பா எழுத்தாம்மா?" என்றாள். மூடியை அவளே மெதுவாக இறக்கினாள். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அவள் திரும்பிப் போய் நான்கு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே திறந்து, நானே கூப்பிடுகிறேன். அவளைக் கூப்பிடும் 2 மட்டும் தேய ஆரம்பித்திருக்கிறது. இப்போதெல்லாம் விரலை வைப்பதில்லை. ஓரமாக, நகத்தால் அமுக்குகிறேன்.

"அது மேலயே பேனாவால எழுதிக்கயேம்மா" என்கிறாள் மகள்.

எழுதலாம். என் 2 அவர் 2 மாதிரி வராது.