கூடாரத்துக்கு வரப்பு

கார்த்திகை மாதம், இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் கல்வராயன்மலையில் கூடாரமடித்துத் தங்கிய விழாவுக்கு, சின்னசேலத்து மணிமொழி மகளோடு கணவன் வெங்கடேசனையும் இழுத்துப் போனாள்.

“சீட்டு கேட்டு நாங்க ரோட்ல குந்திக்கினு கெடக்கறோம். நீ பள்ளிக்கூடமே வேணாங்கிற. திங்கக்கிழமை பாப்பாவ சேத்துடுவேன்” என்றான் அவன்.

மழை இருட்டியதும், வயல் பழக்கத்தில் கூடாரத்தைச் சுற்றி வரப்பு போட்டான். பெய்த தண்ணீரெல்லாம் உள்ளேயே நின்றது, பாய் மிதந்தது.

“நாத்து நடலாம், வாங்க!” என்று கத்தினாள் மணிமொழி.

மகள் மலர்விழி மண்வெட்டியோடு போய், சரிவான பக்கம் பார்த்து வரப்பை வெட்டிவிட்டாள். தண்ணீர் வடிந்தது.

“நம்ம பாப்பாதாங்க வெட்டுச்சு!” என்று பக்கத்துக் கூடாரத்தாரிடம் பீற்றிக்கொண்டான் வெங்கடேசன்.

“திங்கக்கிழமை சேக்கறது இன்னாச்சுங்க?” என்றாள் மணிமொழி.

“எவன் சேக்கச் சொன்னான்?” என்று அவளையே முறைத்தான்.

மணிமொழி தலையில் அடித்துக்கொண்டாள்.