லோடு இல்லாத டிரான்ஸ்பார்மர்

சுரங்கத்து கன்வேயர் சப்ஸ்டேஷனில் இருபத்தெட்டு வருஷமாக டிரான்ஸ்பார்மர் பார்க்கிறவன் நான். ஆள் உயர டிரான்ஸ்பார்மரெல்லாம் சொன்ன பேச்சு கேட்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒன்றுதான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று ஓடியதில் நானும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்ததே குறைவு. இனியாவது மாலையில் இருவரும் பாட்டுக் கேட்கலாம் என்று பழைய ரேடியோவில் இருந்ததுபோல் வால்வு வைத்த ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டினேன். சாதாரண வால்யூம் கன்ட்ரோல் போதாதா? ஆசை யாரை விட்டது. சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றில் பல இடங்களில் கம்பி எடுத்து, குமிழைத் திருப்பினால் ஒலி படிப்படியாகக் குறையும்படி வைத்தேன்.

அன்று பிடித்தது சனியன். அதற்கு இம்பீடன்ஸ், அதாவது மின்தடைப் பொருத்தம் பார்க்க வேண்டுமாம். வோல்டேஜைப் பாதியாக்கினால், பின்னால் இருக்கும் தடை முன்னால் இருக்கும் கருவிக்கு நாலு மடங்காகத் தெரியும். ஒரு படி திருப்பினால் கணக்கு மறுபடி மாறும். மூன்று நாள் நோட்டில் போட்டுப் பார்த்தேன், மூன்று விடை வந்தது. டிரான்ஸ்பார்மரின் பின்பக்கம் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போடச் சொன்னது நான் பார்த்துக் கட்டிய வரைபடம். அங்கே இருக்கும் வால்வு கரண்டே இழுக்காது. வேண்டுமென்றே கரண்ட் இழுக்கும் ஒரு லோடை எதற்குக் கட்டுவது? சப்ஸ்டேஷனில் லோடு இல்லாத டிரான்ஸ்பார்மரால் யாருக்கும் தொல்லை கிடையாது. ரெசிஸ்டரை விட்டுவிட்டேன்.

பாட்டைப் போட்டேன். பாதியிலேயே மனைவி எழுந்துவிட்டாள்.

"இன்னாங்க இது, ஜால்ரா சத்தம் காதுல ஊசியா குத்திகினு இருக்குது."

"எங்க குத்துது? ஒன் காதுலதான் கோளாறு."

அந்த வாரம் முழுக்க நான் பாட்டுப் போட்டால் அவள் வீட்டின் பின்பக்கம் போய்த் துணி மடித்தாள். யாருக்காகக் கட்டினேனோ அவள் இல்லாமல் கேட்கப் பிடிக்கவில்லை. கோபமும் வந்தது.

அவள் சொல்வது தப்பென்று காட்டவே அந்த ரெசிஸ்டரை ஒரு சுவிட்சோடு சேர்த்து வைத்தேன். அவளைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, சத்தமில்லாமல் போட்டும் எடுத்தும் பார்த்தேன்.

"இப்ப குத்துது... இப்ப இல்லீங்க."

ஏழு தடவையும் சரி. எனக்கோ இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. சுவிட்ச்தான் பழுது என்று கழற்றி மீட்டர் வைத்தேன். நன்றாக வேலை செய்தது. சுவிட்சிலும் தப்பில்லை என்றால் வேறு எங்கே தப்பு? ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தேன்.

"ஜொரம் பாக்குற மிஷின் பீப் அடிச்சி ஓஞ்சப்புறமும் கக்கத்துல வெச்சிகினு, இன்னும் அடிக்கலியேம்பீங்க. ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா?"

கன்வேயர் மோட்டார்களுக்கு நடுவில் காதடைப்பானைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே காலம் தள்ளியவன் நான். அப்போதுதான் பயம் வந்தது. கோளாறு அவளுடைய காதில் இல்லை.

லோடு இல்லாவிட்டால் சின்ன டிரான்ஸ்பார்மர் கூர்மையான ஒலிகளை இன்னும் தூக்கிக் காட்டிவிடுமாம்; ரெசிஸ்டர் இப்போது நிரந்தரமாக இருக்கிறது. மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். ஜால்ரா வரும் இடத்தில் என் முழங்கையை லேசாகத் தட்டுகிறாள்.