எந்தத் தோலு?

எங்கள் குடோனில் யாராவது மொட்டையாகத் "தோலு" என்று சொல்லிவிட்டால் போதும், என் கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எந்தத் தோலு? அதுக்குப் பேரு இல்லியா?" என்று கத்துவார். பதனிடாதது பச்சைத் தோல். குரோமியத்தில் பதனிட்டு, ஈரம் காயாமல் வெளிர்நீலமாக வருவது வெட் புளூ. சாயமும் மெருகும் ஏறி, ஷூவுக்கு வெட்டத் தயாராக இருப்பது ஃபினிஷ்டு. ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலில் நாங்கள் ஃபினிஷ்டு விற்றோம். பிறகு அதை விட்டுவிட்டு, வாணியம்பாடியிலிருந்து வெட் புளூ எடுத்து விற்க ஆரம்பித்தோம். அதற்கப்புறம் இன்சூரன்ஸைப் புதுப்பித்தபோது, பாலிசி வழக்கம்போல் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் வந்தது. வந்து விளக்குகிறேன் என்றார் ஏஜெண்டு.

"அவரு வந்தா பேஜாரு. ஃபோனே படிச்சுச் சொல்லிடுது" என்று என் கணவர் அவரைத் தட்டிக்கழித்துவிட்டார். பாலிசியைச் செல்போனில் இருந்த ஏஐயிடம் கொடுத்துத் தமிழில் கேட்டார்: "தீப்பிடிச்சா குடோன்ல இருக்கிற தோலுக்குப் பணம் வருமா?"

"வரும். உங்கள் கிடங்கில் உள்ள தோல் முழுவதற்கும் காப்பீடு உண்டு. கவலை வேண்டாம்" என்றது அது. கவலை வேண்டாம் என்று ஆறுதல் வேறு! நானும் எட்டிப் பார்த்து, பரவாயில்லையே, நம்மைவிட நல்ல தமிழ் எழுதுகிறதே என்று மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் மின்கசிவில் குடோன் தீப்பிடித்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எரிந்தது போக மிஞ்சிய சரக்கெல்லாம் சூட்டில் அப்பளம் மாதிரி சுருண்டு விறைத்துவிட்டது. எங்கள் முதல் அத்தனையும் அதில்தான் இருந்தது. அப்போதும் என் கணவர் கலங்கவில்லை. "இன்சூரன்ஸ் இருக்குது, திரும்ப ஆரம்பிச்சிடலாம்" என்று அழுத என்னைத்தான் தேற்றினார்.

சேதத்தை மதிப்பிட வேலூரிலிருந்து ஒருவர் வந்தார். கருகாத ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது வெட் புளூ ஆச்சே? பாலிசில ஃபினிஷ்டு லெதர்னு மட்டும்தானே போட்டிருக்கு?"

நம்பவே முடியாமல், என் கணவர் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி, அதே பாலிசிக்குக் கீழே நான் எழுதினேன்: "வெட் புளூவுக்குப் பணம் வருமா?"

மறு நொடியே பதில் வந்தது. "நல்ல கேள்வி! வராது. இந்தப் பாலிசி ஃபினிஷ்டு லெதருக்கு மட்டுமே பொருந்தும்."

நல்ல கேள்வியாம்! எனக்கு அதைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. எங்களிடம் மூன்று பெயர் இருக்கிற பொருளை ஒரே பேரில் கேட்டோம். அதுவும் ஒரே பேரில் பதில் சொல்லிவிட்டது.

பணம் வரவில்லை. குடோனை மூடிவிட்டோம். என் கணவர் இப்போது இன்னொருவரிடம் சம்பளத்துக்குத் தோல் தரம் பிரிக்கிறார். அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம குடோனுக்குப் புதுசா வர்றவன்கூட கேப்பானே. அது ஏன் எந்தத் தோலுன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கல?"