ஏழு உழவு ஓட்டியவன் வத்தல்மலை போன கதை

காலை ஐந்து நாற்பது. மாரண்டஹள்ளியில் தருமபுரி பஸ் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்தேன். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதிதான். ஆனால் பாலக்கோடு வரைக்கும் வழியில் தெரிகிற நிலத்தில் பாதி என் டிராக்டர் உழுதது. நாலு டிராக்டர், நாலும் என் கைச் சம்பாத்தியம். டிராக்டருக்குப் பின்னால் கத்திகள் சுழன்று கட்டியெல்லாம் பொடியாக்குமே ரொட்டவேட்டர், அதை எங்கள் பக்கத்தில் முதலில் இறக்கினவனும் நான்தான். ஜம்பத்துக்குச் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் என் மகள் செல்வியின் நிலத்து மண்கட்டி இரண்டு. கண்டக்டர் பையை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னா பெருசு, மண்ணைக் கட்டிக்கினு போற? இதுக்கு லக்கேஜ் போடட்டுமா?"

"போடுப்பா. உங்க பஸ்ஸையே வாங்கிப் போட்டுடுவேன் நானு."

பின் சீட்டில் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. செல்விக்கு ஒன்றரை ஏக்கர், கல்யாணத்தின்போது நான் கொடுத்தது. மூன்று போகமாகத் தக்காளி எழும்பவே இல்லை. தண்ணீர் பாய்ச்சினால் மேலேயே நிற்கிறது, வேர் அழுகிப்போகிறது. "இன்னொரு தரம் போச்சுன்னா பிளாட்டுக்குக் குடுத்துடலாம் மாமா" என்று மருமகன் சொல்லிவிட்டார். அன்றைக்குச் செல்வி சாப்பிடவில்லை.

அவள்தான் என்னை அனுப்பினாள். "வத்தல்மலையில ராமாயின்னு ஒரு அக்கா, மண்ணை அதிகம் கிளறாமலே வெளைய வெக்கறாங்களாம். இந்த மண்ணைக் காட்டிக் கேட்டுட்டு வாங்கப்பா" என்றாள். நீயே போயேன் என்றேன். "நீங்கன்னாத்தான் வெவரமா கேப்பீங்க" என்றாள். அது சரிதானே? கிளம்பிவிட்டேன்.

எட்டே காலுக்குத் தருமபுரியில் மலை பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் என்றார்கள். வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். பதினெட்டோடு எண்ணிக்கையை விட்டுவிட்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஏற ஏறக் காற்று ஈரமானது. ஓங்கி வளர்ந்த சில்வர் ஓக், அதைச் சுற்றிக்கொண்டு மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி. சரிவெல்லாம் சாமைக் காடு.

பத்து மணிக்கு ராமாயியின் காட்டில் நின்றேன். நாற்பது வயதிருக்கும். கையில் மண் கிளறுகிற சின்னக் கொத்து. சாமை அறுத்த தாள் அப்படியே நிற்க, அதற்கு நடுவில் விதை விழும் கோட்டை மட்டும் கீறிக்கொண்டிருந்தார். மீதி மண்ணெல்லாம் சருகுக்கு அடியில் படுத்திருந்தது. என் கண்ணுக்கு அது சோம்பேறி வேலையாகப் பட்டது. நான் யார், என்னிடம் எத்தனை டிராக்டர் என்று முதலில் சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணு மேல அனுப்பட்டுமாம்மா? அரை நாள்ல என் டிரைவர் முடிச்சுக் குடுத்துடுவான்."

"வேணாங்கண்ணா. டிராக்டரு மேல வந்தா, மொத மழைக்கே என் காடு எறங்கி உங்க ஊருக்கு வந்துடும்."

பேச்சு என்னைவிடக் கெட்டி. செல்வி நிலத்துத் தக்காளிக் கதையைச் சொல்லிப் பையை அவிழ்த்தேன். இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றில் என் கட்டியைப் போட்டார், இன்னொன்றில் தன் காட்டு மண்ணை ஒரு கட்டி போட்டார். என் கட்டி கைதட்டுகிற நேரத்தில் கரைந்து குழம்பாகிவிட்டது. அவருடைய கட்டி அப்படியே கிடந்தது. அதிலிருந்து ஒரு மண்புழு மட்டும் நெளிந்து வெளியே வந்தது. அதை எடுத்து, தூங்கும் பிள்ளையைப் போடுகிற மாதிரி சருகுக்கு அடியில் விட்டார்.

"நடவுக்கு முன்ன எத்தனை தரம் ஓட்டுவாங்க?"

"ஏழு" என்றேன். "ஊருக்கெல்லாம் ரெண்டு, மூணு. இது என் மக நெலமாச்சே. மாவு மாதிரி ஆக்கிடுவேன்."

"மாவுல தண்ணி ஊத்தினா களியாத்தானே ஆவும்? ஈரத்துலயும் ஓட்டுவீங்களா?"

வாடகைக்கு ஓடுகிற டிராக்டர் ஞாயிற்றுக்கிழமைதான் சும்மா நிற்கும். மண் ஈரமோ காய்ந்ததோ, செல்வி நிலத்துக்கு அன்றைக்குத்தான். அதைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"ஆசையிலதான் ஓட்டியிருக்கீங்க" என்றார் ராமாயி. "அடியில காரைத் தரை போட்டாப்ல இறுகிப் போயிருக்கும். இனி ஓட்டாதீங்க. கொள்ளு, சணப்பு எதையாச்சும் வெதைச்சு உடுங்க. வேரு உழுவும். வளந்ததும் அறுத்து அங்கியே மூடுங்க. ஒரே போகத்துல சரியாயிடாது, பொறுக்கணும்."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். காசு நீட்டினேன். "சோத்துக்கு எதுக்குங்கண்ணா?" என்று கையைத் தள்ளிவிட்டார். இரண்டு மணிக்குப் பஸ். காட்டைத் தாண்டி வரும்போது மண் காலுக்கு மெத்தை போல அமுங்கிக் கொடுத்தது. ஐம்பது வருடமாக மண்ணில் கிடக்கிறேன், இப்படி ஒரு மண்ணை மிதித்ததில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு நேராகச் செல்வி வீட்டுக்குப் போனேன். நிலத்தைக் கெடுத்தது நான்தான் என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தை நான் எங்கேயும் சொன்னதில்லை. அவள் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"தெரிஞ்சுதான் அனுப்பினியா?"

"ம்."

"எங்கிட்டயே சொல்றதுக்கு இன்னா? நான் புலியா?"

"ஓட்ட வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் ஞாயித்துக்கெழமை நீங்க எதுக்குப்பா இந்தப் பக்கம் வருவீங்க?"

மருமகனிடம் நானே பேசினேன். ஒரு வருஷம் பொறுக்கிறேன் என்றிருக்கிறார். மலைமண் எங்கே, எங்கள் மண் எங்கே. ஒரு வருஷம் போதுமா, தெரியாது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்டரைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனேன். செல்வி கொள்ளு விதைத்துக்கொண்டிருந்தாள்.

"வெதை மேல மிதிக்காம ஓரமா வாங்கப்பா" என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகவே நடந்தேன்.