காய்ச்சல் குமரேசன்

எங்கள் தெருவில் அவனுக்குக் காய்ச்சல் குமரேசன் என்று பெயர். வேங்கிக்காலில் என் எதிர்வீடு. ஆட்டோ ஓட்டுகிறான். சட்டைப்பையில் பேனா இருக்காது, தெர்மாமீட்டர் இருக்கும். மகள் கவிநிலா இரண்டு தும்மல் போட்டால் போதும், விழுந்தடித்து ஓடி வருவான். "டேய், ஊர்ல புள்ள பெத்தவன் நீ ஒருத்தன்தானா?" என்று நான் ஏசாத நாளில்லை. "என் பொண்ணு உடம்புக்குள்ள காவக்காரன் இல்லக்கா" என்று சிரிப்பான்.

விஷயம் இதுதான். பிறந்ததிலிருந்தே கவிநிலாவுக்கு ரத்தம் ஊற ஊற உடைந்துகொண்டிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். மண்ணீரல்தான் சிவப்பணுக்களை உடைத்துத் தள்ளுகிறது, அதை எடுத்துவிட்டால் தேறிவிடுவாள் என்றார்கள். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குவோமே, அதுதான் மண்ணீரல். ஆனால் ரத்தத்தில் நுழைகிற கிருமியைப் பிடிக்கிற காவலும் அதுதான், ரொம்பச் சின்ன வயதில் எடுத்தால் கிருமி சுலபமாகத் தாக்கும் என்று ஆறு வயது வரை காக்க வைத்து, தடுப்பூசிகள் போட்டு, அதற்கப்புறம்தான் எடுத்தார்கள். பிள்ளை தளதளவென்று ஆகிவிட்டது. தினமும் ஒரு மாத்திரை உண்டு. டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

அம்மாக்காரி தேவிப்ரியாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் வேலை. ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். குமரேசன் வண்டிக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள். அவனுக்கு அத்தை முறை. பாசத்தில் அவளைக் குறை சொல்லவே முடியாது.

போன பௌர்ணமி மத்தியானம் கவிநிலாவுக்கு உடம்பு கொதித்தது. கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். வெள்ளையம்மாள் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மா வந்திருக்கா!" என்று வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். அம்மை கண்ட உடம்புக்கு ஊசி மருந்து கூடாது என்பது அவள் கணக்கு. நான் எட்டிப் பார்த்தபோது பிள்ளை அரைமயக்கத்தில் கண்ணைத் திறந்து, "அம்மா வந்துட்டாளா? எங்க?" என்று கதவைப் பார்த்தது. ஐயோ, தேவிப்ரியா வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது! உடனே குமரேசனுக்குப் போன் போட்டேன்.

கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் ஆட்டோக்களைச் செங்கம் ரோட்டிலேயே நிறுத்தியிருந்தது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, யாரோ ஒருத்தர் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்தான். வெள்ளையம்மாள் வாசலை மறித்தாள்.

"ஊசி கீசி போட்டா அம்மா கோச்சுக்குவாடா. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் பொறு."

அவன் ஆடி மாசம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவன். அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் நிலையிலிருந்த வேப்பிலையை உருவிப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தான்.

"தாயே, நீயாவே இருந்தாலும் சரி, எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வா. கோவம்னா அதை என்மேல காட்டு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே பைக்கில் ஏறினான். கிடைத்த ஆட்டோவில் நானும் பின்னாலேயே போனேன்.

"மண்ணீரல் எடுத்த பொண்ணுங்க, காய்ச்சல்!" என்று அவன் கத்தியதுமே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்களாம். அம்மை இல்லை. ரத்தத்தில் கிருமி கலந்திருந்தது. டாக்டரம்மா பொட்டுகளை அழுத்திக் காட்டினார், அவை மறையவில்லை; தோலுக்கடியில் ரத்தம் கசிந்த பொட்டுகளாம். "தடுப்பூசி, மாத்திரை எல்லாம் ஆபத்தைக் கம்மி பண்ணும், இல்லாம ஆக்காதுங்க. சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தீங்கன்னா குழந்தை நமக்கில்ல" என்றார். குமரேசன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். தேவிப்ரியா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோதும் பிள்ளை கண் திறக்கவில்லை. மறுநாள்தான் திறந்தது. இருவரும் மாறி மாறி அழுதார்கள். நானும்தான்.

கவிநிலா வீடு திரும்பிய அன்று வெள்ளையம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். குமரேசன் அவளைக் கிழித்துத் தொங்கவிடப்போகிறான் என்று தெருவே காத்திருந்தது. அவன் விட்டாலும் நான் விடுவதாக இல்லை, நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான்.

"என்கிட்ட இனிமே விடாதடா" என்று அவள் அழுதாள். "கொன்னே இருப்பேன்டா பாவி நான்."

"நாளைக்கு நான் வண்டிக்குப் போவணும் அத்தை. இவளுக்கு இந்த பயம் ஆயுசுக்கும் இருக்கு. உங்கள விட்டா யாருங்க எனக்கு?" அவள் கையை இழுத்துப் பிள்ளையின் கழுத்தில் வைத்தான். "இதான் காய்ச்சல் இல்லாத உடம்பு. இந்தச் சூட்டைக் கையில ஞாபகம் வச்சுக்குங்க. இதைவிட கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தாலும் எனக்காக நிக்காதீங்க. தூக்கிட்டு ஓடுங்க."

கவிநிலா கூசி நெளிந்தது. வெள்ளையம்மாள் கையை எடுக்கவில்லை.