அம்மாவை அப்பா என்று கூப்பிட்ட கிழமை

ஏழு வயதில் ஒரு கிழமை முழுவதும் நான் அம்மாவை அப்பா என்று கூப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்த அம்மாவேதான் அந்தப் பொய்யையும் சொல்லித் தந்தார். ஆகவே அதை மிகுந்த கவனத்தோடு செய்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்து, பரந்தனிலிருந்து உள்ளே போகும் மண் றோட்டில், காடு வெட்டி வயலாக்கச் சொல்லி அரசாங்கம் பிரித்துத் தந்த கொலனிக் காணியில் குடியேறி அப்போது இரண்டாவது வருடம். வயல் என்று எங்களுக்குக் காட்டிய இடத்தில் பாலை மரங்களும் வீரை மரங்களும் நின்றன. மரங்களை அப்பா தறித்தார். வேர்களை அம்மா கிண்டினார். மரம் தறித்தவரைப் பற்றி ஊரில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள். வேர் கிண்டியதை ஒருவரும் வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஊரில் அம்மாவுக்குக் கிணறு குசினிக்குப் பின்னால் இருந்தது. இங்கே வாய்க்காலுக்குப் போய் வர அரை மைல். தண்ணீர் கொண்டு வந்து, குரக்கன் இடித்து, சமைத்து, மாட்டுக்குப் புல்லறுத்து வந்த பிறகுதான் அவர் வேர் கிண்டப் போவார். இரண்டு உள்ளங்கையும் வெடித்திருக்கும். அந்தக் கையால் என் தலையைக் கோதினால் முடி சிக்கி இழுக்கும். நான் கத்துவேன்.

முதல் வருடம் பாதி வயல் பற்றையாகவே கிடந்தது. காணிகளை மேற்பார்க்கும் கொலனி ஓவசியர் சைக்கிளில் வந்து பார்த்தார். "அடுத்த போகத்துக்கு முழுக்க உழுது விதைச்சிருக்க வேணும். இல்லாட்டி காணி வேற ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் இருந்த துண்டு நிலத்தை விற்றுத்தான் எருதுகளும் கலப்பையும் வாங்கியிருந்தோம். திரும்பிப் போக எங்களுக்கு இடமில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. அதோடு அப்பாவுக்குக் குளிர் காய்ச்சலும் வந்தது. வீட்டிலிருந்த சாக்கு, சேலை எல்லாம் போர்த்தியும் அவர் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் ஆடியது. ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும் என்பதால் அயலில் எல்லோரும் தங்கள் தங்கள் வயலில் நின்றார்கள். பாதி வீடுகளில் எங்கள் அப்பாவைப் போல யாராவது ஒருவர் படுத்தும் கிடந்தார். பக்கத்துக் காணி மாமி கஞ்சி கொண்டு வந்து தந்துவிட்டு, "ஓவசியர் இந்தக் கிழமை வாறாராம்" என்று ஒரு செய்தியையும் தந்துவிட்டுப் போனார்.

கலப்பையைப் பெண்கள் தொடக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் கண்டிப்பான வழக்கம். நாற்று நடலாம், களை பிடுங்கலாம், அரிவு வெட்டலாம், சூடு மிதிக்கும்போது வைக்கோல் உதறலாம். இடுப்பு முறியும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. கலப்பையைத் தொட்டால் மட்டும் மழை நின்றுவிடும். மழை தவறினால் முழுக் கொலனியும் யார் வாசலில் வந்து நிற்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். வயல் தரிசாகக் கிடந்தாலும் குற்றம், அவர் உழுதாலும் குற்றம்.

அடுத்த நாள் காலை அம்மா அப்பாவின் சாரத்தை மடித்துக் கட்டி, அவருடைய நீளக் கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். தாலிக்கொடி சட்டைக்குள் போய்விட்டது. தலைப்பா மட்டும் கட்ட வரவில்லை. கொண்டையில் நிற்காமல் வழுகி வழுகி விழுந்தது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நடுங்கும் கைகளால் தானே அதைக் கட்டிவிட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நீ வரம்பிலை நிண்டு இடைக்கிடை அப்பா எண்டு கூப்பிடு. ஆர் கேட்டாலும் அப்பா உழுறார் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

முதல் நாள் என் நாக்கு இரண்டு தரம் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. றோட்டால் போனவர்கள் ஒருவரும் எங்கள் வயலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நன்றாக ஏமாற்றுகிறோம் என்று எனக்குப் பெருமை. எருதுகளை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அம்மா குரலைத் தடிப்பாக்கி அதட்டினால் இரண்டும் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கும். உழுத சால் வளைந்து வளைந்து போனது. மூன்றாம் நாள் பிற்பகலில்தான் ஒரு சால் நேராக விழுந்தது. அன்று அம்மாவுக்குச் சோற்றை நான்தான் ஊட்டிவிட்டேன். அவரால் விரல்களை மடிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஓவசியர் வந்தார். சைக்கிளை எங்கள் வேலியில் சாத்திவிட்டு வயலைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உழுறது?"

"அப்பா" என்றேன். அத்தோடு விடவில்லை. "அப்பா!" என்று கத்தியும் காட்டினேன். வயலில் நின்ற தலைப்பா திரும்பாமலே ஒரு கையை உயர்த்தியது.

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் செம்பில் கொண்டு வந்து கொடுக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. தடித்த, ஆம்பிளை இருமல்.

"உள்ளுக்கை ஆர்?"

இந்தக் கேள்விக்கு அம்மா எனக்கு மறுமொழி சொல்லித் தந்திருக்கவில்லை. ஆனாலும் யோசிக்காமல் சொன்னேன். "அம்மா. அவாவுக்குக் குளிர் காய்ச்சல்."

உள்ளேயிருந்து அப்பா, "பிள்ளை, தண்ணி" என்றார்.

"தொண்டையும் கட்டிப் போச்சு" என்றேன்.

ஓவசியர் சிரிக்கவில்லை. செம்பைத் தந்துவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதச் சரையை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தக் குளிசையை அம்மாட்டைக் குடு. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. அப்பாட்டைச் சொல்லு, காணி நல்லா உழுதிருக்கு, கொலனிக் கந்தோரிலை ஒரு கரைச்சலும் வராது எண்டு."

அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் கொடுத்த குளிசையில் அப்பா எழும்பினார். அவர் எழுதிய எழுத்தில் காணி எங்களுக்கு நிலைத்தது. அந்த வயலில் விளைந்த நெல்லில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன். அன்றைக்கு அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. என் சாமர்த்தியத்தை நினைத்தபடி நின்றேன்.

அம்மா மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்ததும் ஓடிப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். இருமலைச் சொன்னேன், தொண்டை கட்டியதைச் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே அப்பாவும் சிரித்து, மறுபடி இருமினார். கடைசியாக, ஓவசியரின் சைக்கிள் பழுதாகிப் போனதையும் சொன்னேன்.

"பழுதோ? என்ன பழுது?"

"தெரியேல்லை. ஏறிப் போனவர், எங்கடை வயல் தொடங்கிற இடத்திலை இறங்கிட்டார். வயல் முடியுமட்டும் உருட்டிக்கொண்டு நடந்துதான் போனவர். நீங்கள் அங்காலை திரும்பி நிண்டு உழுதனீங்கள், காணேல்லை."

கோயில் வாசலைக் கடக்கும்போதும், வாத்தியாரை எதிரில் கண்டாலும் பெரிய ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பதை நானும் எத்தனையோ தரம் பார்த்திருந்தேன். உழுதுகொண்டிருக்கும் ஒருவருக்காகவும் அப்படி இறங்குவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தலைப்பாவை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு, அப்படியே வாசலில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அந்த வெயிலில் ஒரு மனிதர் நடக்க வேண்டி வந்ததே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவர் முதுகைத் தடவி, "அழாதேங்கோ அம்மா, பிறகு அவர் ஏறிப் போயிட்டார்" என்று ஆறுதல் சொன்னேன்.